மின்சாரம் போனாலும் அழியாத கணக்கு



அந்நாளில் தோட்டத்துக் கிராணி மண்ணெண்ணெய் விளக்கடியில் பென்சிலால் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொகையைத் திருத்துவதற்காகப் பழையதை ரப்பரால் அழித்துவிட்டார். புதியதை எழுதுமுன் விளக்கு அணைந்துவிட்டது. இப்போது பழைய தொகையும் இல்லை. புதிய தொகையும் இல்லை. யாருடைய கூலி போகும்? நம்முடைய கூலிதான்!

இன்று நம் வீட்டு இணையப் பெட்டிக்குள்ளும் கண்காணிப்புக் கேமராவுக்குள்ளும் ஒரு சிறு கணினி இருக்கிறது. அது கணக்கு எழுதிவைக்கும் ஒழுங்கைக் கோப்பு முறைமை என்கிறோம். எழுதும்போது கரண்டு போனால், கிராணிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.

1977-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஃபேட் என்னும் முறைமை பிறந்தது. அது ஒரு கோப்பின் பெயரை ஓரிடத்திலும், கோப்பு இருக்கும் இடங்களின் பட்டியலை வேறிடத்திலும், பழையதன் மேலேயே எழுதும். ஒன்றை எழுதி மற்றதை எழுதுமுன் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒத்துப்போகா.

1984-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். மின்சாரம் இல்லாமலே எழுத்தைக் காக்கும் சில்லு அது. ஆனால் அதில் ஓர் எழுத்தை மட்டும் அழிக்க முடியாது. ஒரு பகுதி முழுவதையும் அழிக்க வேண்டும். பலமுறை அழித்தால் அப்பகுதி தேய்ந்தும் போகும்.

இதற்கு வழி எங்கிருந்து வந்தது? 1991-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளம், ஔஸ்டர்ஹௌட் ஆகிய இருவரும், பழையதைத் தொடாமல் அடுத்த வெற்றிடத்திலேயே எழுதிக்கொண்டு போகும் முறையை விளக்கினர். வட்டில் விரைவாக எழுதுவதே அவர்களுடைய முக்கிய நோக்கம். 1999-இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் அக்கருத்தை ஃபிளாஷ் சில்லுக்குப் பொருத்தி ஜேஃப்ஃபெஸ் என்னும் முறைமையை உருவாக்கியது. புதிய குறிப்பு முழுமையாக எழுதப்பட்டு, அதன் சரிபார்ப்பு எண்ணும் பொருந்தினால்தான் அது செல்லும். இல்லையேல் பழைய குறிப்பே நிற்கும்.

2001-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆயினும் கருவியை முடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது சில்லு முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. சில்லுகள் பெரிதாகப் பெரிதாகத் தாமதமும் வளர்ந்தது. 2008-இல் நோக்கியா நிறுவனமும் ஹங்கேரியின் செகெத் பல்கலைக்கழகமும் செய்த யூபிஐஎஃப்எஸ், பொருளடக்கத்தையும் சில்லிலேயே எழுதிவைத்து அக்குறையைப் போக்கியது. மிகச் சிறிய கருவிகளுக்கென ஆர்ம் நிறுவனம் 2017-இல் லிட்டில்எஃப்எஸ் என்பதை வெளியிட்டது. கோப்புகளின் விவரத்தை அது இரண்டு பகுதிகளில் மாறி மாறி எழுதும். ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும்.

ஆகவே, நாளை நம் பிள்ளைகள் இத்தகைய கருவிகளைச் செய்யும்போது, "எவ்வளவு வேகமாக எழுதுகிறது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எழுதும் நடுவிலே கரண்டைப் பலமுறை நிறுத்திப் பார்த்தீர்களா?" என்றும் கேட்க வேண்டும். புதியது உறுதியாகும்வரை பழையதை அழிக்கலாகாது. இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே.