விடுதலும் மூச்சும்: தாவோ நெறியும் குணங்குடியாரும்

தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரே மூச்சோடு தொடர்புடையது. 1928இல் டாக்டர் சவுரிமுத்து நிறுவிய காசநோய் நிலையமே அப்பகுதிக்கு அப்பெயரைத் தந்தது. அதே பகுதியில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தொடங்கப்பெற்றது. அங்கு மருந்தோடு வர்மமும் யோகமும் பாடங்களாக உள்ளன. இன்று தென்சென்னைப் புறநகரெங்கும் மூச்சுப் பயிற்சி, உயிராற்றல் பயிற்சி என்னும் அறிவிப்புகளைக் காண்கிறோம். அவற்றுட் சில சீனத்துத் தாவோ நெறியின் பெயரால் நடைபெறுவன. இவை நமக்கு ஆகுமானவையா என நம் இளைஞர்கள் வினவுகின்றனர். இவ்வினாவுக்கு வரலாற்றில் விடை தேடுவோம்.

தாவோ நெறியில் இரு கூறுகள் உள. ஒன்று விடுதல். சுவாங் சூ என்னும் பழைய ஞானியின் நூலில் ஒரு கதை வருகிறது. மாணவர் ஒருவர் அறத்தையும் சடங்கையும் மறந்து, இறுதியில் தம்மையே மறந்து அமர்ந்திருப்பதாகக் கூறுகிறார். ஆசிரியரோ, தாமும் அவரைப் பின்பற்ற விழைவதாக மொழிகிறார். ‘அமர்ந்து மறத்தல்’ என்னும் இப்பயிற்சியைப் பற்றி எட்டாம் நூற்றாண்டில் சீமா செங்ஜென் தனிநூலே இயற்றினார். மற்றொரு கூறு, ‘சி’ எனப்படும் உயிராற்றலைப் பேணுதல். கருத்தை அடிவயிற்றில் மெல்ல நிறுத்தி, உடற்சாரத்தை மூச்சாற்றலாகவும், மூச்சாற்றலை உள்ளொளியாகவும் தூய்மை செய்து, முடிவில் வெறுமைக்குத் திரும்புவதே அதன் படிமுறை. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஆற்றலை வலிந்து பிடிக்க முனைபவனுக்கு அது வசப்படாது என்பதே அந்நெறியினரின் துணிபு. விடுதல் முந்தியது, ஆற்றல் பிந்தியது.

நம் சித்தர்களின் வாசியோகமும் இதற்கு அணித்தானது. போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்பதும், இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு ஆனார் என்பதும் செவிவழி மரபுகள். இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளோம். எனினும் தமிழர் உள்ளத்தில் சீனமும் மக்காவும் பொதிகையும் ஒரே வழியில் இணைந்திருந்தமையை இவை காட்டுகின்றன.

அவ்வழியில் நடந்தவர் இறைநேசர் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்). தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், கீழக்கரை தைக்கா சாகிபிடம் மார்க்கக் கல்வி பயின்றார். வீட்டார் விரும்பிய திருமணத்தைத் துறந்தார். 1813இல் திருச்சியில் ஷாம் சாகிபிடம் காதிரிய்யா தரீக்காவின் தீட்சை பெற்றார். திருப்பரங்குன்றம் மலையில் 40 நாள் கல்வத்து இருந்தார். பின்னர்ச் சென்னை இராயபுரத்தில் தங்கி 1838இல் மறைந்தார். முகியித்தீன் சதகம் பாடிய அவரே அகத்தீசர் சதகமும் பாடினார். வாசி, மௌனம், மனோன்மணி ஆகிய சித்தர் சொற்கள் அவர் பாடல்களில் நிறைந்துள்ளன. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை இயற்றினார்.

இச்சொற்களைக் காட்டி அவரை மார்க்கத்துக்குப் புறம்பானவர் என்போர் நம்மிடையே உளர். அவர்கள் சீன முஸ்லிம்களின் வரலாற்றை நோக்குதல் நன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாங் தாய்யூவும், அவருக்குப் பின் லியூ ஜியும் சீனமொழியில் இஸ்லாத்தை விளக்க முற்பட்டபோது, கன்பூசிய, தாவோ நெறிகளின் சொற்களையே கையாண்டனர். ஜாமி (ரஹ்) அவர்களின் லவாயிஹ் என்னும் பாரசீக நூலை லியூ ஜி சீனமொழியாக்கினார். அண்டையாரின் சொல்லை ஏற்றனர். அவர்தம் கொள்கையை ஏற்றாரல்லர். தாவோ, பௌத்தக் கொள்கைகளை வாங் தாய்யூ வெளிப்படையாக மறுத்தும் எழுதினார்.

அவ்வாறாயின் வேறுபாடு யாது? நம் கலிமாவை நோக்குவோம். அதன் முற்பாதி மறுப்பு, பிற்பாதி உறுதி. சூஃபியாக்கள் இவற்றை நஃபீ, இஸ்பாத் என்பர். மூச்சோடு இணைத்து திக்ரு செய்வர். முற்பாதியே விடுதல். இதில் தாவோ ஞானியும் சூஃபியும் நெடுந்தொலைவு உடன் நடக்கக் காண்கிறோம். பிற்பாதியில் வழி பிரிகிறது. தாவோ பெயரற்றது, அது ஏவுவதுமில்லை, துஆவைச் செவியேற்பதுமில்லை. நம் ரப்போ அழைக்கிறான், கேட்கிறான், கணக்குக் கேட்கவும் இருக்கிறான். எனவே ஃபனாவுக்குப் பின் பகா உண்டு. தன்னை இழந்தவன் ஐவேளைத் தொழுகைக்கும் அண்டை வீட்டாரின் உரிமைக்கும் திரும்பியாக வேண்டும்.

மூச்சைச் சீராக்கி உடல்நலம் பேணுவதை மருத்துவமாகக் கொள்வதில் தடையில்லை. ஆயின் அதனை வணக்கமாக்குவதும், அதில் எழும் ஆற்றலை நாடுவதும் வேறு. ‘எனக்கு ஆற்றல் வந்தது’ என மகிழ்பவன் எதையும் விட்டவனல்லன். விட வேண்டிய ‘நான்’ என்பதை மேலும் வளர்த்தவனே ஆவான். இதனைத் தாவோ ஞானியரும் ஒப்புவர். குணங்குடியாரின் துறவும் இதனையே உணர்த்துகிறது. நம் மூச்சு நமதன்று, அமானிதம். அதனை உரியவனிடம் ஒப்படைக்கும் நாள்வரை அவன் நினைவோடு விடவும் வாங்கவும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!