பச்சையப்ப முதலியார்: ஒரு கொடையின் சமூக வரலாறு

தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றை எழுதுவோர் பச்சையப்ப முதலியாரைக் 'கல்வி வள்ளல்' எனப் போற்றுவது மரபாகிவிட்டது. சென்னையில் அவர் பெயரால் விளங்கும் கல்லூரி இப்புகழுக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. ஆயினும் அவர் தம் வாழ்நாளில் ஆங்கிலப் பாடசாலை எதனையும் நிறுவியவரல்லர். அவர் இறந்தது 1794ஆம் ஆண்டில்; அவர் பெயர் தாங்கிய முதற் பாடசாலை திறக்கப்பட்டது 1842ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்தில், சமயப் பற்றுமிக்க ஒரு வணிகரின் அறக்கொடை நவீன கல்வி நிறுவனமொன்றின் மூலதனமாக மாறிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அச்செல்வம் முதலில் எங்கிருந்து வந்தது என்னும் இரு வினாக்களையும் சேர்த்து நோக்கினாலன்றி 'வள்ளல்' என்னும் சொல்லின் வரலாற்றுப் பொருள் நமக்குப் புலனாகாது.

துபாஷியின் எழுச்சி

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டில் சென்னைக்கு வடமேற்கேயுள்ள பெரியபாளையத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்னரே தந்தையார் விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாள் தம் பெண்மக்களுடனும் கைக்குழந்தையுடனும் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவர்களுக்கு ஆதரவளித்தவர் பௌனி நாராயணபிள்ளை. பௌனி என்ற ஆங்கில வணிகரிடம் துபாஷியாக இருந்தமையால் நாராயணபிள்ளைக்கு அவ்வடைமொழி வழங்கிற்று. ஆங்கிலமும் கணக்கும் வணிக நுணுக்கமும் அவ்வீட்டின் வழியாகவே இளைஞர் பச்சையப்பருக்குக் கைவந்தன. இருபது வயதைக் கடக்கும் வேளையில் அவர் தம் சொந்த முயற்சியாற் பொருளீட்டத் தொடங்கிவிட்டார்.

துபாஷி என்னுஞ் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்பது நேர்ப்பொருள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையில் துபாஷி மொழிபெயர்ப்பாளர் மாத்திரமாக இருக்கவில்லை. ஆங்கிலேய அதிகாரிக்கும் வணிகருக்கும் சரக்கு வாங்கித் தருபவரும், கடன் திரட்டிக் கொடுப்பவரும், ஆளும் இடமும் அறிந்து காரியம் முடிப்பவரும் அவரே. கும்பினி அதிகாரிகள் தம் சம்பளத்திலும் தனிப்பட்ட வியாபாரத்தையே பெரிதும் நம்பியிருந்த காலம் அது. அவ்வியாபாரம் உள்நாட்டு முதலின்றியும் உள்நாட்டு அறிவின்றியும் நடந்திருக்க முடியாது. கருநாடக நவாபு ஐரோப்பியரிடம் பெற்ற கடன்கள் பெருகிப் பெருகி இலண்டன் பாராளுமன்றத்திலேயே விவாதப் பொருளான காலமும் இதுவே. எனவே தந்தையற்ற ஏழைச் சிறுவர் ஒருவர் செல்வரானமைக்கு அவரது ஆற்றல் ஒரு காரணமாயின், அவ்வாற்றலுக்குக் களம் அமைத்துக் கொடுத்த காலனித்துவ வணிக அமைப்பு மற்றொரு காரணமாகும்.

தஞ்சையும் நெல்லும்

பச்சையப்பரின் பெருஞ்செல்வம் தஞ்சையுடன் தொடர்புடையது. தஞ்சை அரசு 1773இல் நவாபினாற் கைப்பற்றப்பட்டு, 1776இல் கும்பினியாரால் மராட்டிய மன்னர் துளஜாவிடம் மீள ஒப்படைக்கப்பட்டது. இவ்வுதவிக்கு விலை இருந்தது: மன்னர் ஆண்டுதோறும் கும்பினிக்குப் பெருந்தொகை செலுத்தவேண்டியவரானார். 1781இல் ஹைதர் அலியின் படையெடுப்புக் காவிரிப் படுகையைப் பாழாக்கிற்று. மக்கள் ஊர்களை விட்டு ஓடினர், வாய்க்கால்கள் தூர்ந்தன. ஆயினும் கும்பினிக்குரிய தவணை நிற்கவில்லை. அறுவடைக்கு முன்னரே பணம் கட்டவேண்டிய நெருக்கடியில், முன்பணம் கொடுத்து உதவக்கூடிய வணிகரே அரசுக்கு இன்றியமையாதவராயினர்.

1780களில் தஞ்சைக்குச் சென்ற பச்சையப்பர் இவ்வாறு முன்பணம் கொடுத்தோருள் ஒருவர். துளஜாவுக்குப் பின் 1787இல் அரியணை ஏறிய அமரசிங்கின் காலத்திலும் இத்தொடர்பு நீடித்தது. அரசருக்குக் கொடுத்த கடனுக்கு ஈடாகக் கிராமங்களின் வருவாய் காட்டப்படுவது இம்முறையின் அடிப்படை. அவ்வருவாயோ நெல்லாக விளைவது. நெல்லோ பண்ணையாட்களதும் குடியானவரதும் உழைப்பால் விளைவது. அரண்மனையிற் கணக்கெழுதப்பட்ட வட்டி ஈற்றில் வயலிலேயே தண்டப்பட்டது. பச்சையப்பர் தனிப்பட்ட முறையில் கொடியவர் என்று கூற நமக்கு ஆதாரமில்லை. அவ்வாறு கூறுவது நம் நோக்கமுமன்று. ஒரு முறைமையின் இயல்பை அதில் இயங்கிய மனிதரின் குணத்தைக் கொண்டு அளந்துவிட முடியாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

மரணசாசனமும் வழக்கும்

செல்வம் திரண்டபோது அதன் ஒரு பகுதியைப் பச்சையப்பர் மரபுவழி அறங்களிற் செலவிட்டார். சிதம்பரத்துக் கிழக்குக் கோபுரத் திருப்பணியுடன் அவர் பெயர் இணைந்துள்ளது. சத்திரம், அன்னதானம், கோயிற் கட்டளை ஆகியன அக்காலச் செல்வர் தம் சமூக மதிப்பை நிலைநிறுத்திக்கொண்ட வழிகளாகும். புதிதாகப் பொருள் சேர்த்த துபாஷிகளுக்கு இவ்வழி பெரிதும் வேண்டப்பட்டது. அவர்தம் செல்வம் பழமையானதன்று, ஆகவே பழமையான நிறுவனமொன்றன் ஏற்பு அதற்குத் தேவையாயிற்று.

1794 மார்ச் 31ஆம் நாள் திருவையாற்றில் அவர் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதளவே இருக்கும். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் எழுதப்பட்ட மரணசாசனம் ஏறத்தாழ ஒரு லட்சம் வராகனைச் சமயப் பணிகளுக்கும் அறங்களுக்கும் ஒதுக்கியது. அதை நிறைவேற்றும் பொறுப்பு, சிறுவயதில் அவரை ஆதரித்த நாராயணபிள்ளையிடம் விடப்பட்டது. ஆனால் சொத்துரிமை பற்றிய பிணக்குகள் எழுந்தன, வழக்குகள் நீண்டன, அறங்கள் தடைப்பட்டன. அறத்துக்கென ஒதுக்கிய பணம் அறத்துக்குப் பயன்படாது வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது.

1832ஆம் ஆண்டளவில் சென்னை உச்ச நீதிமன்றம் இவ்வறங்களை ஒழுங்குபடுத்தத் தலைப்பட்டது. அட்வகேட் ஜெனரலாகவிருந்த ஜோர்ஜ் நோர்ட்டன் இதில் முன்னின்று உழைத்தார். சமய அறங்களுக்குரியது போக எஞ்சிய சுமார் நாலரை லட்சம் ரூபாவைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என முடிவாயிற்று. அதனைப் பேணும் பொறுப்புச் சென்னை இந்துப் பிரமுகர்களைக் கொண்ட தருமகர்த்தர் சபைக்கு அளிக்கப்பட்டது.

இம்முடிவு ஒரு நீதிபதியின் அல்லது வழக்கறிஞரின் நல்லெண்ணத்தால் மட்டும் தோன்றியதன்று. 1839இல் ஆங்கிலக் கல்விக்கு வழிசெய்யுமாறு கோரி எழுபதினாயிரம் பேர் ஒப்பமிட்ட விண்ணப்பமொன்று சென்னை ஆளுநருக்கு அளிக்கப்பட்டது. உத்தியோகமும் வணிகமும் ஆங்கிலத்தை வேண்டிநின்றன. அதனைக் கற்பித்த மிஷனரிப் பாடசாலைகளோ மதமாற்ற அச்சத்தையும் உடன் கொண்டுவந்தன. மதம் மாறாது ஆங்கிலம் கற்கும் வழியொன்றை நாடிய புதிய மத்தியதர வர்க்கத்தின் கைக்கு, நீதிமன்றத்தில் உறங்கிய அறப்பணம் வந்து சேர்ந்தது. 1842 ஜனவரி முதலாம் நாள் பாடசாலை தொடங்கிற்று. 1850இல் ஏதென்சு நகரத்துக் கோயிலொன்றன் மாதிரியில் எழுப்பப்பட்ட மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. சிவனையும் திருமாலையும் நினைந்து எழுதப்பட்ட சாசனத்தின் பணம் கிரேக்கத் தூண்களாக எழுந்து நின்றமை அக்காலத்தின் முரண்பாட்டைக் கண்முன் நிறுத்துகின்றது. 1889இல் அது முதற்றரக் கல்லூரியாயிற்று; 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம்பெயர்ந்தது.

யாருக்குத் திறந்த கதவு?

இக்கல்லூரியின் பயன் சிறிதன்று. கணித மேதை இராமானுஜன் இங்கு பயின்றார். கணிதமல்லாத பாடங்களிலே தேறாது வெளியேறினார். காஞ்சிபுரத்து நெசவாளர் குலத்தைச் சேர்ந்த சி. என். அண்ணாதுரை இங்கு கற்றே பட்டம் பெற்றார். மு. வரதராசன் 1961 வரை இங்குத் தமிழ் கற்பித்தார். இருபதாம் நூற்றாண்டுத் தமிழக அரசியலிலும் இலக்கியத்திலும் இக்கல்லூரி வகித்த இடம் மறுக்கவியலாதது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இந்துக்கள் மட்டுமே சேரலாம் என்ற விதி 1947 வரை நீடித்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் அவ்விதியின்படி இந்துக்களாகக் கொள்ளத்தக்கவராயிருந்தும், அதன் கதவு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. தஞ்சை வயலிற் சேற்றில் நின்று உழைத்தோருட் பெரும்பாலார் இச்சாதியினரே என்பதை நினைவிற் கொண்டால் இதன் கொடுமை விளங்கும். எவர் உழைப்பின் ஒரு கூறு வட்டியாகி, வராகனாகி, அறக்கொடையாகி, பாடசாலையாக உருவெடுத்ததோ, அவர்தம் வழித்தோன்றல்களே அப்பாடசாலையின் வாயிலில் தடுக்கப்பட்டனர். அக்கதவு தானாகத் திறக்கவில்லை. உரிமை கோரியோரின் குரலும் மாறிய காலத்தின் அழுத்தமும் அதனைத் திறப்பித்தன.

இதனாற் பச்சையப்பரின் கொடை சிறுமையுறுகின்றதா? இல்லை என்பதே நம் கருத்து. ஈட்டியதனைத்தையும் குடும்பத்துக்கே விட்டுச் சென்ற துபாஷிகள் பலர் பெயரற்றுப் போயினர். பொதுவுக்கென ஒதுக்கியமையாலேயே அவர் பணம் மறுபடியும் பொதுவுக்கு வர வழி இருந்தது. ஆனால் அதனைக் கல்வியாக்கியது ஒரு சமூகத்தின் தேவை. அனைவர்க்குமான கல்வியாக்கியது மற்றொரு சமூகத்தின் போராட்டம். கொடுத்தவரின் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. விளைவித்தவரின் பெயரையும் வாயிலைத் திறப்பித்தவரின் பெயரையும் தேடி எழுதுவது வரலாற்று மாணவர் முன்னுள்ள கடமையாகும்.