செங்கற்பட்டுப் புதிரும் தனி உயிரணுவின் சாட்சியும்

திருப்பூர் வாசகர்களுக்கு நூல் சோதனையைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வோம். 120 கெஜம் நூலைச் சுற்றியெடுத்து எடை போட்டால் அது எத்தனையாம் நம்பர் நூல் என்பது தெரிந்துவிடும். ஆனால் கிடைப்பது சராசரி நம்பர்தான். அந்த 120 கெஜத்துக்குள் ஓரிடத்தில் நூல் மொத்தையாகவும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருக்கலாம். தராசு அதைக் காட்டாது. பனியன் துணியாகப் பின்னிய பிறகுதான் குறை கண்ணில் படும்.

தடுப்பூசி விஞ்ஞானமும் நெடுங்காலம் இந்தத் தராசை நம்பித்தான் இருந்தது. அதனால் என்ன இடர்ப்பாடு நேர்ந்தது என்பதை அறிய, நமது மாநிலத்திலேயே நடந்த ஒரு பெரும் சோதனையைப் பார்ப்போம்.

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. மருந்தை உங்களில் அநேகர் தோளில் தழும்பாகச் சுமந்துகொண்டிருப்பீர்கள். பிரான்ஸ் நாட்டின் கால்மெட், கெரென் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்தனர். 1921-இல் அது முதன்முதலாக மனிதக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1948-இல் சென்னை கிண்டியில் இம்மருந்தைத் தயாரிக்கும் கூடம் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நாடெங்கும் ஊசி இயக்கம் பரவியது. 1955-இல் ராஜாஜி இதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவருடைய வாதங்கள் எல்லாம் ஏற்கத்தக்கவை அல்ல. ஆயினும் அந்நாளில் உலக நிபுணர்களிடையேகூட ஒத்த கருத்து இருக்கவில்லை என்பதை மறைக்க முடியாது. பிரிட்டனில் 1950-இல் தொடங்கிய சோதனையில் பள்ளி மாணவர்களுக்கு நூற்றுக்கு எண்பதை ஒட்டிய பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ மிகச் சொற்பமே கிடைத்தது.

இந்த வழக்கைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணித்தான் 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் சோதனை ஆரம்பமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் இதில் கைகோத்தன. இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், சுமார் 3,60,000 மக்கள் வாழ்ந்த ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என இரு மருந்துகள். ஒவ்வொன்றிலும் இரு அளவுகள். ஒரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது போடப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. உலகில் இத்தனை பெரிய பி.சி.ஜி. சோதனை வேறெங்கும் நடந்ததில்லை.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979-இல் வெளியாயிற்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. போட்டவருக்கும் போடாதவருக்கும் வேறுபாடு இல்லை! பதினைந்து ஆண்டுக் கணக்கும் அதையே உறுதி செய்தது. (பச்சிளங்குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து இம்மருந்து காப்பது வேறு ஆய்வுகளில் உறுதிப்பட்டது. பிறந்தவுடன் அதை இன்றும் போடுவது அதற்காகவே.)

ஒரே மருந்து லண்டனில் பலித்து திருவள்ளூரில் பலிக்காமற் போவானேன்? நமது மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினர்களான, பெரும்பாலும் தீங்கற்ற கிருமிகள் மிகுதி. அவற்றுடன் சிறு வயதிலிருந்தே பழகிய உடலுக்கு ஊசி புதிதாக எதையும் கற்பிக்கவில்லை என்பது ஒரு விளக்கம். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இளைஞர்களையும் பிரிட்டிஷ் இளைஞர்களையும் ஒப்பிட்டு 2002-இல் வெளிவந்த ஆய்வு இதற்குத் துணை நின்றது. ஊசிக்குப் பின் எழுந்த எதிர்ப்பு அசைவு பிரிட்டனில் மிக அதிகம், மலாவியில் மிகக் குறைவு. ஆனால் எந்த வெள்ளணு அசைந்தது, எது அசையவில்லை? ஒரு சொட்டு இரத்தத்தில் இலட்சக்கணக்கான வெள்ளணுக்கள் உண்டு. அவற்றை மொத்தமாகக் கரைத்து அளந்தால் கிடைப்பது, நம் 120 கெஜ நூலைப் போல, ஒரு சராசரி.

அந்தச் சராசரியை உடைக்கும் வழி 2009-இல் பிறந்தது. கேம்பிரிட்ஜில் அஸீம் சுரானியின் ஆய்வுக்கூடத்தார் எலிக்கருவின் ஒற்றை உயிரணுவை எடுத்து, அதில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பதை அதன் ஆர்.என்.ஏ. மூலம் படித்துக் காட்டினர். 2015-இல் ஆயிரக்கணக்கான உயிரணுக்களை ஒரே வேளையில் படிக்கும் முறை வந்தது. இதைப் புரிந்துகொள்ள மறுபடியும் திருப்பூருக்கே போகலாம். வெட்டிய துணித்துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டுக்கும் நம்பர் சீட்டு வைப்பார்கள் அல்லவா? எத்தனை கட்டுகள் தையல் பகுதியில் குவிந்தாலும், எது எந்த ரோலில் வெட்டியது என்பதைச் சீட்டு சொல்லிவிடும். இங்கும் அப்படியே. எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி ஒன்றினுள் ஓர் உயிரணுவும் ஒரு சிறு மணியும் அடைபடுகின்றன. மணியின்மேல் உள்ள இரசாயனச் சீட்டு, உடைந்த உயிரணுவின் ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்து படித்தாலும், சீட்டைப் பார்த்து அணு அணுவாகப் பிரித்துவிடலாம்.

இதனால் என்ன கண்டார்கள்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாலி புலேந்திரன், பிரபு அருணாசலம் முதலியோர், கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட 56 பேரை ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களில் சிலருடைய இரத்தத்திலிருந்து 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிரணுக்கள் தனித்தனியே படிக்கப்பட்டன. முதல் ஊசியின்போது இருக்குமிடமே தெரியாதிருந்த ஒரு சிறு வெள்ளணுக் கூட்டம், இரண்டாம் ஊசிக்குப் பின் ஏறத்தாழ 100 மடங்கு பெருகியிருந்தது! மொத்தக் கணக்கில் இது காணாமற் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பி.சி.ஜி.யின் மேலும் இதே கண் திரும்பியுள்ளது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருந்தைத் தோலில் போடாமல் இரத்தக் குழாயில் செலுத்திய 10 குரங்குகளில் 9 காசநோயை வென்றன. அவற்றுள் 6-இல் கிருமியின் சுவடே இல்லை. தோலில் ஊசி பெற்றவற்றுக்கு இந்த அளவு பாதுகாப்பு வாய்க்கவில்லை. அக்குரங்குகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த உயிரணுக்களையும் ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார்கள். மனிதருக்கு இரத்தக் குழாயில் பி.சி.ஜி. செலுத்தும் வழக்கம் இல்லை. அது எளிதும் அன்று. ஆகையால், காப்பாற்றிய உயிரணுக்கள் எவை என்று அடையாளம் கண்டு, அவற்றைத் தோளில் போடும் ஊசியாலேயே எழுப்ப முடியுமா என்பதுதான் இப்போது நடக்கும் தேட்டம்.