கொட்டகையில் பிறந்த கார்கள்

குளிர்காலம் வந்துவிட்டால் தலைநகராகிய தில்லியில் பழைய மோட்டார் கார்களின் அணிவகுப்பு ஒன்று நடைபெறுவதுண்டு. 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த வழக்கம் அது. வேறு பெருநகரங்களில் வாழும் தமிழ் நேயர்களும் இத்தகைய காட்சிகளைக் கண்டிருக்கலாம். துலக்கிய பித்தளை விளக்குகளையும் அகன்ற சக்கரக் காப்புகளையும் கண்டு மகிழும் நாம், அந்த வண்டிகளின் அடியில் மல்லாந்து கிடந்து உழைத்தவர்களைப் பற்றிப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. வீட்டுக் கொட்டகையிலேயே கார்களைக் கட்டியவர்களின் வரலாற்றையும், அவர்களுடைய உயிருக்கும் வீதியிற் செல்வோர் உயிருக்கும் காப்பாக எழுந்த சோதனைகளின் வரலாற்றையும் இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

இவ்வரலாறு தெளிவாக விளங்குவது பிரிட்டனில்தான். அந்நாட்டில் 1922-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பார் 'ஆஸ்டின் ஏழு' என்னும் சிறு காரை வெளியிட்டார். அதன் எஞ்சின் விரைவிலேயே 747 கன சென்டிமீட்டர் அளவினதாயிற்று. நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க அந்த வண்டி, 1939 வரை ஏறக்குறைய மூன்று லட்சம் என்னும் எண்ணிக்கையை நெருங்கி உற்பத்தியாயிற்று. பெருந்தொகையாகப் பிறந்தவை பெருந்தொகையாகவே முதுமையும் அடைந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் உடல் துருப்பிடித்த ஆஸ்டின் கார்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. இளைஞர்கள் அவற்றை வாங்கி, மேற்கூட்டை அகற்றிவிட்டு, எஞ்சிய சட்டத்தின்மீது தாமே மரப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் புதிய உடலை அமைத்தனர். 1939-இல் தோன்றிய 'எழுநூற்றைம்பது மோட்டார் சங்கம்' இவர்களுக்கு ஒரு கூடமாக விளங்கிற்று.

அவ்விளைஞருள் ஒருவர் காலின் சாப்மன். லண்டனில் பொறியியல் பயின்ற மாணவர். தாம் மணக்கவிருந்த ஹேஸல் வில்லியம்ஸ் என்னும் பெண்ணின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில், பழைய ஆஸ்டின் ஒன்றைப் பிரித்து 1948-இல் தமது முதற் காரைக் கட்டி முடித்தார். அதுவே 'லோட்டஸ்' என்னும் பெயர் தாங்கிய முதல் வண்டி.

இக்கலை பரவியதற்கு ஆர்வம் மட்டும் காரணமன்று; வரியும் ஒரு காரணம். 1940-இல் பிரிட்டிஷ் சர்க்கார் விதித்த கொள்முதல் வரி, 1950-களில் முழுமையான காரின் மொத்த வியாபார விலையில் பாதி அளவுக்கும் அதற்கு மேலும் உயர்ந்தது. ஆனால் உதிரி உறுப்புகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் காருக்கு அவ்வரி இல்லை. 1957-இல் வெளிவந்த 'லோட்டஸ் ஏழு' இவ்வழியில்தான் பலரிடம் சென்றது. பூட்டும் முறையை விளக்கும் ஏட்டை உடன் அனுப்பலாகாது என்று ஒரு விதி இருந்ததாகவும், அதனாற் பிரிக்கும் முறையை விளக்கும் ஏட்டை அனுப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளும்படி விட்டதாகவும் ஒரு சுவையான செய்தி வழங்கிவருகிறது. 1973 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி வந்தபின் இச்சலுகை மறைந்தது.

வரி ஏய்ப்பைப் பற்றிச் சிரிக்கலாம். ஆனால் தடைகளைப் பற்றி அவ்வாறு சிரிக்க இயலாது. ஆஸ்டின் ஏழின் பிரேக்குகள் கம்பிவடத்தால் இயங்கியவை. தொடக்ககால வண்டிகளில் காலால் மிதிப்பது பின்சக்கரங்களையும், கையால் இழுப்பது முன்சக்கரங்களையும் மட்டுமே தடுத்தன; இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டது 1930-ஆம் ஆண்டிலேதான். அச்சட்டத்தின்மேல் இலேசான உடலைப் பொருத்தி, எஞ்சினின் ஆற்றலையும் கூட்டிய இளைஞர், வேகத்தை வளர்த்த அளவுக்குத் தடையை வளர்த்தாரா என்று கேட்க அன்று எவரும் இல்லை.

கேட்பவர் 1960-இல் வந்தனர். போக்குவரத்து அமைச்சராக எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் இருந்த காலத்தில், பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் ஆண்டுதோறும் சோதனைக்கு வரவேண்டும் என்னும் ஏற்பாடு அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிற்று. பிரேக்கு, விளக்கு, திசைதிருப்பும் அமைப்பு ஆகிய மூன்றே முதலில் சோதிக்கப்பட்டன. தோல்வியுற்ற வண்டிகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருக்கக் கண்டு, 1961-இலேயே பத்தாண்டு என்பது ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது, 1967-இல் மூன்றாண்டாயிற்று. 1968-இல் டயர்களும் சோதனையுட் சேர்ந்தன. வீட்டிற் கட்டிய காருக்கென்றே தனி ஒப்புதல் முறை 1998-இல் வந்தது; 2009-இல் அது மேலும் விரிவான முறையாக மாற்றப்பட்டது. இருக்கைப் பட்டை பூட்டப்படும் இடத்தின் வலிமை, விபத்தில் திசைதிருப்பும் தண்டு ஓட்டுபவர் மார்பைத் தாக்காதிருத்தல், உடலின் வெளிமுனைகள் வழிநடப்போரைக் கிழிக்காவண்ணம் மழுங்கியிருத்தல் ஆகியவற்றையெல்லாம் இன்று சோதனையாளர் அளந்து பார்க்கின்றனர். ஒரு முனையின் வளைவு இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்தால், அவ்வண்டி திரும்ப வேண்டியதுதான்.

இவையனைத்தும் வண்டி கொட்டகையை விட்டு வெளிவந்தபின் நிகழும் சோதனைகள். கொட்டகைக்குள் நிகழ வேண்டிய சோதனையை எந்தச் சட்டமும் வந்து செய்வதில்லை. இதை நாம் நேரிற் கண்டறிந்தோம். நமது குடியிருப்பில் அண்டை வீட்டார் ஒருவர் தம் தந்தையாரின் பழைய காரைப் புதுப்பிக்க முற்பட்டார். ஜாக்கியால் தூக்கி, செங்கல் அடுக்கின்மேல் அதை நிறுத்தி, நாள்தோறும் அடியிற் புகுந்து வேலை செய்தார். ஒருநாள் மனைவியார் தேநீர் அருந்த அழைக்க, அவர் எழுந்து வெளியே வந்தார். கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் செங்கல் நொறுங்கி வண்டி தரையில் வீழ்ந்தது. அன்று அவர் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை. நெடுநேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். அருகில் அமர்ந்திருந்த நமக்கும் பேச்சு எழவில்லை.

ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லோ சுமையைச் சீராகத் தாங்குவதுபோற் காட்டி, முன்னறிவிப்பின்றி உடைவது. சமதரையில் வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, இரும்புத் தாங்கிகளைச் சட்டத்தின் உறுதியான பகுதியில் அமைத்து, உள்ளே புகுமுன் வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது முதற் சோதனை. மின்கலத்தின் இணைப்பை அகற்றிவிடுதல் இரண்டாவது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. பணிக்குழியில் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டினால் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. பழைய பிரேக்குப் பட்டைகளில் கல்நார் இருந்தது. அதன் தூசியை வாயால் ஊதித் துடைத்த தலைமுறை, அதன் தீங்கைப் பிற்காலத்தில் நுரையீரலில் உணர்ந்தது. பிரிட்டனில் கல்நார் முற்றும் தடைசெய்யப்பட்டது 1999-ஆம் ஆண்டில்.

வண்டியைச் சாலையில் விடுமுன் பார்க்க வேண்டியவையும் உள. பிரேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரமேறிய எண்ணெய், சூடேறும்போது கொதித்து, மிதியின் வலிமையைக் குன்றச்செய்யும். ரப்பர்க் குழாய் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே அழுகியிருக்கலாம். நம் நாட்டில் 2025 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வழங்குவதால், பழைய ரப்பர்க் குழாய்களைப் பற்றி மேலும் விழிப்பு வேண்டும். திசைதிருப்பும் அமைப்பின் ஒவ்வொரு நட்டும் கழலாதபடி பின் இட்டுப் பூட்டப்பட்டுள்ளதா என்பதை விரலாலே தொட்டறிய வேண்டும். முதல் ஓட்டம் மெல்லச் சென்று திரும்பும் குறுகிய ஓட்டமாதல் வேண்டும். திரும்பியதும் போல்ட்டுகள் அனைத்தையும் மீண்டும் முடுக்கிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டு நிலையையும் ஒரு சொல்லாற் குறிப்பிடுவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உற்பத்தியாளர் வகுத்த அமைப்பினின்று வண்டியை விருப்பம்போல் மாற்றுவதை அனுமதிப்பதில்லை. உச்சநீதிமன்றமும் 2019-இல் இதனை உறுதிசெய்தது. எனவே இங்குள்ள ஆர்வலர் பெரும்பாலும் கட்டுவோர் அல்லர், புதுப்பிப்போரே. ஐம்பதாண்டு கடந்த பழங்கார்களுக்கென 2021-இல் தனிப் பதிவுமுறை வந்துள்ளது.

பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நிகழ்ந்தது. நாற்பதாண்டு கடந்தனவும் பெரிதும் மாற்றப்படாதனவுமான வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்று விதித்தனர். ஆயினும் அபாயமான நிலையில் அவற்றை ஓட்டுவது குற்றமாகவே நீடிக்கிறது. சோதனையாளர் விலகிக்கொண்டார், பொறுப்போ உரிமையாளரின் தோளிலேயே நின்றது.

சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பது நமது தொழில். 'தகுதிச் சான்று' என்னும் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அச்சான்று, சோதித்த நாளன்று வண்டி எந்நிலையில் இருந்தது என்பதை மட்டுமே கூறும். மறுநாளைக்கு அது உறுதி கூறாது. மறுநாளைக்கு உறுதி கூற வேண்டியவர் திருகுக்கருவியைக் கையில் ஏந்தியவரே. நமது அண்டை வீட்டார் இப்போது செங்கல்லைப் பயன்படுத்துவதில்லை. நான்கு இரும்புத் தாங்கிகளை வாங்கினார். ஒவ்வொரு முறையும் அடியிற் புகுமுன் வண்டியை இருகையாலும் அசைத்துப் பார்க்கிறார். பின்னர் மனைவியாரிடம், "உள்ளே போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புகுகிறார்.