மோவாயில் இம்பிளான்ட்: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

தமிழில் தாடை வேறு, மோவாய் வேறு. பற்களைத் தாங்கும் எலும்பு தாடை. அதன் முன்நுனியில், கீழுதட்டுக்குக் கீழே மேடாக இருப்பது மோவாய். பேச்சு வழக்கில் இரண்டையும் ‘தாவாங்கட்டை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், மோவாயை எடுப்பாக்க விரும்பி மருத்துவரிடம் செல்வோருக்கு இந்த வேறுபாடுதான் முதல் கேள்வி.

பக்கவாட்டில் எடுத்த படத்தில் மோவாய் உள்வாங்கித் தெரிந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மோவாய் எலும்பு மட்டும் சிறிதாக இருக்கலாம். அல்லது கீழ்த்தாடை முழுவதுமே பின்தள்ளி இருக்கலாம். முதல் வகையினருக்கு இம்பிளான்ட் பொருந்தும். இரண்டாம் வகையினருக்கு மேற்பற்கள் துருத்தியிருக்கும், கடிக்கும்போது பற்கள் சரியாகச் சேராது. சிலருக்குக் கடும் குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் சிக்கலும் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு இம்பிளான்ட் வைத்தால் வெளித்தோற்றம் மாறும். கோளாறு அப்படியே இருக்கும். கடி சரியில்லாதவர்கள் முதலில் பல் மருத்துவரிடமோ தேசிய பல் மருத்துவ நிலையம் போன்ற இடத்தில் உள்ள தாடை அறுவை நிபுணரிடமோ காட்டுவதே நல்லது. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் தாடை அறுவைக்கு மெடிசேவ் பயன்படுத்த வாய்ப்புண்டு. அழகுக்காக மட்டும் செய்வதற்கு மெடிசேவும் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கிடையாது.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். முழு மயக்கம் கொடுத்தோ, தூக்க மருந்துடன் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தோ செய்வார்கள். பரவலாகப் பயன்படுவது திடமான சிலிகான் துண்டு. நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் வகையும் உண்டு. அதன் துளைகளுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதால் எளிதில் நகராது, ஆனால் பின்னாளில் அகற்றுவது கடினம். சிலிகானை அகற்றுவது எளிது.

எங்கே வெட்டுவது என்பதைப் பற்றி நம்மவர்கள் கூடுதலாகவே கேட்க வேண்டும். ஒரு வழி, கீழுதட்டின் உட்புறம் வழியாக. வெளியில் தழும்பு தெரியாது. ஆனால் வாயில் உள்ள கிருமிகள் காயத்தை எட்டலாம். மற்றொரு வழி, மோவாய்க்கு அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வெட்டு. இதில் சிறிய கோடாகத் தழும்பு இருக்கும். கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் ‘கீலாய்டு’ வரும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ தோளில் காசநோய்த் தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தடித்த தழும்பு இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் இரண்டு, மூன்று நாள்களில் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண்ணாடியில் பார்த்து ‘இவ்வளவு பெரிதாக வைத்துவிட்டார்களே’ என்று பதறுவது இந்த நாள்களில்தான். மோவாயைச் சுற்றிப் பட்டி கட்டியிருப்பார்கள். கஞ்சி, குழைந்த ரசம் சோறு, நன்றாக ஊறிய இடியாப்பம் ஆகியவை போதும்; தேக்காவில் வாங்கிய முறுக்கைச் சில வாரங்களுக்கு டப்பாவிலேயே வைத்திருங்கள். வாய்வழி வெட்டு என்றால் ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் வாய் கொப்பளிக்க வேண்டும். அலுவலக வேலைக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்பலாம். பளு தூக்குவதையும் காற்பந்தையும் சில வாரங்கள் தள்ளிவைக்க வேண்டும். முழு வடிவம் தெரிய மூன்று மாதங்கள்கூட ஆகலாம். எனவே திருமணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது செய்துகொள்வது சரியான திட்டமல்ல.

கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது வழக்கம். கீழ்க் கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால், எலும்பிலிருந்து இருபுறமும் ஒரு நரம்பு வெளிவருகிறது. இம்பிளான்ட் வைக்கும்போது அது இழுபடும். தண்ணீர் குடிக்கும்போது உதட்டோரம் வழியலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பும். சிலருக்கு ஒரு பகுதி உணர்வு திரும்பாமலே போகலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள்.

கிருமித்தொற்று, இம்பிளான்ட் நகர்ந்து கோணலாவது, அதன் அடியில் உள்ள எலும்பு சிறிது தேய்வது ஆகியவை மற்ற சிக்கல்கள். குறைந்துகொண்டிருந்த வலி மீண்டும் ஏறினால், சிவந்து சூடாக இருந்தால், சீழ் வந்தால், உடனே மருந்தகத்தை அழைக்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் 995.

தைப்பூசத்தில் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொள்வோர் அதையும் மருத்துவரிடம் கூற வேண்டும். செராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பல ஆண்டுகள் காவடி எடுத்தவர்களுக்கு அலகு புதிதல்ல. ஆனால் அருகில் ஓர் அந்நியப் பொருள் இருக்கும்போது வாய்ப்பகுதியைத் துளைப்பது வேறு விஷயம். எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், குத்தலாமா வேண்டாமா என்பதை அறுவைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அறுவை வேண்டாம் என்பவர்கள் ‘ஃபில்லர்’ ஊசியை நாடுகிறார்கள். ஏறக்குறைய ஓராண்டு தாங்கும். ஊசிதானே என்று அலட்சியம் கூடாது. ரத்தக் குழாய்க்குள் மருந்து சென்றால் தோல் அழுகிவிடக்கூடும். பதிவுபெற்ற மருத்துவர்தான் போட வேண்டும். யாருடைய வீவக வீட்டிலும் அழகு நிலையத்திலும் மலிவாகப் போட்டுக்கொள்வது ஆபத்தான வேலை.

மருத்துவரின் பெயரை சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். ‘பிளாஸ்டிக் சர்ஜரி’ அங்கீகரிக்கப்பட்ட சிறப்புத் துறை. ‘ஈஸ்தெட்டிக்ஸ்’ அப்படி அல்ல. தாடை அறுவை நிபுணர்களின் பெயர்கள் சிங்கப்பூர் பல் மருத்துவ மன்றப் பதிவேட்டில் இருக்கும்.

கட்டணத்தைக் கேட்கும்போது மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், அறுவைக் கூடம், இம்பிளான்ட், பின்தொடர் சந்திப்புகள், 9 விழுக்காடு பொருள், சேவை வரி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சிக்கல் வந்து அகற்ற நேர்ந்தால் யார் செலவு என்றும் கேளுங்கள். சென்னையிலோ பேங்காக்கிலோ செய்தால் செலவு குறையலாம். இரண்டாம் வாரத்தில் வீக்கம் ஏறினால் யாரிடம் ஓடுவது என்பதை டிக்கெட் எடுக்கும் முன் யோசிக்க வேண்டும்.

எங்கு செய்தாலும், வைத்த இம்பிளான்ட்டின் நிறுவனம், அளவு, வரிசை எண் ஆகியவை உள்ள அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.