பார் வைத்த சைக்கிள்

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையை யார் சொன்னாலும் மூன்று பேர் தவறாமல் வந்துவிடுவார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பாட்டு எழுதிக் கொடுத்த முத்துபாஸ்கரன், ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய பி. சாய்நாத். மூவரும் வரவேண்டியவர்கள்தான், அதில் எனக்கு வழக்கில்லை. அந்தப் பெண்கள் ஓட்டியது எந்த மாதிரி சைக்கிள் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்பதுதான் என் குறை. என் அப்பா கீரனூர்ப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். அதனால் எனக்கு அந்தக் கதை பாரிலிருந்துதான் தொடங்கும். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடுகிற குழாயைத்தான் எங்கள் கடையில் பார் என்போம்.

கடையில் இருந்தவை ஹெர்குலிஸ், அட்லஸ், ஹீரோ. எல்லாம் இருபத்திரண்டு இஞ்ச், இருபத்துநான்கு இஞ்ச் கறுப்பு வண்டிகள். பையன்களுக்கு இரண்டு அரை சைக்கிள். ஒரே ஒரு லேடீஸ் சைக்கிளும் இருந்தது. அப்பா எப்போதோ ஏலத்தில் எடுத்தது. அதை வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. ஆண்கள் அதில் ஏற வெட்கப்பட்டார்கள், பெண்கள் எதிலுமே ஏறவில்லை. திருச்சி பொன்மலையில் சட்டைக்காரப் பெண்கள், அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்கள், ஓட்டுவார்கள் என்று கேள்வி. எங்கள் பக்கம் நர்ஸம்மா ஒருவர் சொந்த சைக்கிள் வைத்திருந்தார். அவர் போனால் டீக்கடை பெஞ்சு முழுக்கத் திரும்பும். நானே கடைக்காரர் மகளாக இருந்தும், கல்லூரிக்குப் போகிற வயதுவரை வண்டியைத் துடைக்கத்தான் விட்டார்கள்.

லேடீஸ் சைக்கிள் பாரில்லாமல் வந்ததற்கு நம் ஊர் காரணமே இல்லை. இங்கிலாந்தில் 1885-இல் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் அந்த ஊர்ப் பெண்களும் ஏறத் தொடங்கினார்கள். கணுக்கால்வரை தொங்கும் அவர்களுடைய பாவாடைக்காகப் பாரைக் கீழே இறக்கினார்கள். துணி சக்கரத்தில் சிக்காமலிருக்க வலை கட்டினார்கள். அந்த வலைதான் நம் ஊருக்கு வந்து சேலை கார்டு ஆனது. பாரை எடுத்துவிட்டால் சட்டம் சற்றுத் தளர்ந்துபோகும். அதை ஈடுகட்டக் கனமான குழாய் போட வேண்டும். விலையும் கூடும். சென்னையில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் முதல் லூதியானாக் கம்பெனிகள் வரை லேடீஸ் சைக்கிள் செய்தார்கள்தான், ஆனால் அது நகரத்துக்குப் போகிற சரக்கு.

இனி ஊர். புதுக்கோட்டையில் பெயருக்கு வெள்ளாறு உண்டு, தண்ணீருக்குக் கண்மாயை நம்ப வேண்டும். மழை பொய்த்தால் கண்மாயும் இல்லை. தொண்டைமான் சமஸ்தானமாக இருந்து 1948-இல் இந்தியாவோடு சேர்ந்து, 1974-இல்தான் தனி மாவட்டமானது. ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டியைச் சேர்த்துக்கொள்ள, எதிர்ப்பை மீறி மன்னரே உத்தரவு போட வேண்டியிருந்த ஊர் இது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அதற்கு எண்பது ஆண்டு கழித்தும், கிராமத்துப் பெண் ஒருத்தி நாலு மைல் போக வேண்டுமானால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அண்ணனோ தம்பியோ புருஷனோ கேரியரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர்க் குடத்துக்கு அதுவும் கிடையாது, நடைதான்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் வந்தது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். பாடம் ராத்திரியில்தான் நடக்கும், பகலில் படிக்க வருபவர்கள் வயலிலும் கல்குவாரியிலும் இருப்பார்கள். சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களில் பெண்கள் ஏராளம். ஊருக்கு ஊர் போய் வகுப்பைப் பார்த்துவர வேண்டிய பெண், கடைசி பஸ்ஸை நம்பி என்ன செய்வாள்? கலெக்டர் பிடித்த நுனி இதுதான். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்றார். வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். சைக்கிளைப் பாடத்திட்டத்தில் சேர்த்த கலெக்டர் அவருக்கு முன்னால் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பொழுது சாய்ந்த பிறகு கற்றுக்கொடுப்பார்கள். எதிர் வீட்டு அத்தாச்சிக்கு வாத்தியார் அவருடைய நாத்தனார் மகன், மீசை அரும்பாத பையன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவான்.

"கீழ பாக்காதீக அத்தே, நேரா பாருங்க!"

"நேரா பாத்தா மரம்ல வருது!"

மரம் வந்தது. நெற்றியில் வீக்கத்தோடு மறுநாளும் போனார். வீட்டில் கேட்டதற்கு விறகு இடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

ஓட்டுவதைவிட ஏறுவதுதான் பெரிய வித்தை. ஆண்கள் ஒரு பெடலில் காலை ஊன்றி, இரண்டு தள்ளுத் தள்ளி, மறு காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட்டுவிடுவார்கள். சேலையில் அது நடக்குமா? பையன்கள் மாதிரி பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போடவும் முடியாது. அத்தாச்சி கண்டுபிடித்த வழி, பாலக்கட்டை. கொசுவத்தை வாரிச் செருகிக்கொண்டு வண்டியைப் பாலத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்துவார். ஒரு காலைச் சுவரில் வைத்து, மறு காலைப் பாருக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் போட்டு, சீட்டில் உட்கார்ந்து ஒரு உந்து. இறங்கவும் அதேபோல ஏதாவது மேடு வேண்டும். மைல் கல், கிணற்றுத் திட்டு, சாவடித் திண்ணை. எந்த ஊரில் எங்கே இறங்கலாம் என்பது அவருக்கு அத்துப்படி. வழியில் மேடில்லாத இடத்தில் ஆடு குறுக்கே வந்தால் ஆட்டுக்கும் ஆபத்து, அத்தாச்சிக்கும் ஆபத்து.

கடையில் அப்பாவுக்கு வேறொரு சங்கடம். வாடகை நோட்டில் பெயர், தகப்பன் பெயர், எடுத்த மணி, விட்ட மணி என்று நாலு கட்டம். பெண்கள் வண்டி எடுக்க வந்ததும் இரண்டாம் கட்டத்தில் தகப்பன் பெயரா, புருஷன் பெயரா என்று தெரியவில்லை. புருஷன் பெயரை அவர்கள் வாயால் சொல்லவும் மாட்டார்கள். கொஞ்ச நாள் 'அறிவொளி' என்று மொத்தமாக எழுதி ஒப்பேற்றினார். பிறகு அவர்களே பேனாவை வாங்கி எழுதத் தொடங்கிவிட்டார்கள். புதிதாகக் கற்ற கை அல்லவா, ஒரு பெயர் இரண்டு வரியைப் பிடித்துக்கொள்ளும், சிலருக்குக் கொம்பும் காலும் அடுத்த கட்டத்துக்குள் போய்விடும். மணிக்கு ஒரு ரூபாய் வாடகைக்கு அரைப் பக்கம் போகிறதே என்று அப்பா முணுமுணுப்பார். கரையான் தின்றதுபோக மிச்சமிருக்கிற அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் 1991-க்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினால் அத்தனையும் ஆம்பளைப் பெயர்.

பேச்சு வராமல் இல்லை. ரோட்டில் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. சாய்நாத்திடமும் பெண்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் சேர்ந்து மணியடித்துக்கொண்டு போகும்போது எவன் வாயைத் திறப்பான்?

கணக்கைப் பார்க்கலாம். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பத்து வயதுக்குக் கீழுள்ள சிறுமிகளை விட்டுவிட்டால், மாவட்டத்தின் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவர் என்பது சாய்நாத் போட்ட கணக்கு. அவர்களில் 70,000 பேர் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி 1,500 பேருக்கு மேல் புதுக்கோட்டை டவுனுக்குள் வந்தார்கள். ராஜா ஊர்வலம் பார்த்த வீதிதான், ஆனால் அன்றைக்கு இருந்த சத்தம் வேறு. ஒரு வியாபாரி, லேடீஸ் சைக்கிள் விற்பனை ஒரே ஆண்டில் 350 சதவீதம் கூடியது என்று சாய்நாத்திடம் சொல்லியிருக்கிறார். அதுவும் குறைந்த கணக்குதான். லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருந்து கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவர்கள் அதில் வரமாட்டார்கள்.

நான் பாரைப் பற்றிப் பேச வந்ததும் இதற்காகத்தான். முதலில் தட்டுப்பாட்டால் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். பிறகு கிடைத்தாலும் லேடீஸ் வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். ஏனென்றால் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். அத்தாச்சி ஒரு பழைய துண்டைப் பாரில் சுற்றி மகளை உட்காரவைப்பார். கேரியருக்குக் குறுக்கே கயிறு போட்டு இரண்டு பக்கமும் குடம் தொங்கும். மேலே இன்னொரு குடமும் ஏறும் சில நாள். பாரில்லாத வண்டியில் இத்தனை பாரம் ஏற்றினால் ஹேண்டில் உதறும். வாடகை வண்டிகளுக்குக் கோட்டம் எடுத்தே அப்பாவுக்குக் கை காய்த்துப்போனது. பாவாடை கட்டிய சீமாட்டிக்காக எடுத்த பாரை, சேலை கட்டிய கூலிக்காரி திரும்பக் கேட்டு வாங்கினாள்.

இதற்குச் சில ஆண்டு முன்னால் அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் பிறகு படித்தேன். ஜார்ஜினா டெர்ரி என்ற பெண் இஞ்சினியர், கடையில் விற்கும் சைக்கிளெல்லாம் ஆண் உடம்புக்கு அளவெடுத்தது என்று கண்டு, 1985-இல் பெண்களுக்கென்றே சைக்கிள் செய்து விற்க ஆரம்பித்தார். பாரைக் குட்டையாக்கி, முன்சக்கரத்தைச் சிறிதாக்கினார். கலிபோர்னியாவில் ஜாக்கி ஃபீலன், மலைப்பாதையில் ஓட்டும் பெண்களுக்கென 1987-இல் ஒரு சங்கம் வைத்தார். சேற்றிலும் பாறையிலும் விழாமல் ஓட்ட, பெண்ணுக்குப் பெண்ணே சொல்லிக்கொடுக்கும் சங்கம். படித்தபோது குடுமியான்மலைக் கல்குவாரி நினைவுக்கு வந்தது. அங்கே ஜல்லி ரோட்டில், ஆளை மீறின உயர வண்டியில், கல் உடைக்கிற பெண்கள் ஓட்டியதை எந்தப் பந்தயத்திலும் சேர்க்க மாட்டார்கள். சீட்டை முழுக்க இறக்கியும் கால் எட்டாதவர்கள் இடுப்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித்தான் மிதித்தார்கள். அந்த வலியை யாரும் கணக்கெடுக்கவில்லை.

தண்ணீருக்குப் போன நேரம் பாதியானது, காய்கறியைத் தரகனிடம் கொடுக்காமல் சந்தைக்கே கொண்டுபோக முடிந்தது. இதெல்லாம் உண்மை. இதன் மறுபக்கத்தையும் நான் பார்த்தேன். வீட்டில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண் இருக்கிறாள் என்றதும் உரக்கடை, ரேஷன் கடை, மாட்டுத் தீவனம் எல்லாம் மெல்ல அவள் தலையில் விழுந்தன. முன்பு அலுத்துக்கொண்டாவது போன ஆண்கள் இப்போது திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. சைக்கிளால் மிச்சமான நேரம் முழுக்க அவளுக்கே கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அத்தாச்சியிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். தனியாகப் போய்வருகிற அந்த அரைமணி யாருக்குக் கிடைக்கும் என்பார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஓட்டக் கற்றவர்கள் பழுது பார்க்கக் கற்கவில்லை, எங்கள் வட்டாரத்திலாவது. பஞ்சர் என்றால் கடைதான், கடை என்றால் ஆண்தான். எங்கள் கடையிலேயே டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பது, உப்புத்தாளில் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போடுவது எல்லாம் கொல்லைப்புறத்தில் அம்மா செய்ததுதான். முன்னால் கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்குவது அப்பா. அம்மா கை வைத்த ஒட்டு பிரிந்ததே இல்லை என்பதை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு சைக்கிள் வந்தது, வாடகைக் கடை படுத்தது. மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு 2001-இல் அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-இல் அதை எல்லா மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரித்தது. பீகாரில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு 2006-இல் வந்த திட்டத்தைப் பொருளாதாரப் பேராசிரியர்கள் ஆராய்ந்து, பள்ளியில் சேரும் பெண்கள் 30 சதவீத அளவுக்குக் கூடினார்கள் என்று காட்டினார்கள். அங்கே வண்டிக்குப் பதில் இரண்டாயிரம் ரூபாய் பணமாகக் கொடுத்தார்கள். பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் பையனுக்குப் பார் வைத்தது, பெண்ணுக்குப் பாரில்லாதது என்று அரசே பிரித்துக் கொடுத்தது. ஆசிரியையாக நான் அந்த வண்டிகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்திருக்கிறேன். பாதிக்கு பிரேக் பிடிக்காது. என் வகுப்புப் பெண்களிடம் ஸ்பேனரைக் கொடுத்து அவர்களையே முறுக்கவைத்தேன். இது வாத்தியார் வேலையா என்று ஒருவர் கேட்டார். அம்மா வேலை என்றேன், அவருக்குப் புரியவில்லை.

2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் வந்தது, 2021-இல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். பாரில் துண்டு விரித்து உட்கார்ந்து வந்த அத்தாச்சி மகள் இப்போது ஸ்கூட்டரில் போகிறாள். பெட்ரோலுக்கு மாதக் கடைசியில் புருஷனிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று அவளுக்கு ஒரு புலம்பல். அத்தாச்சி பழைய வண்டியை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டார். பேத்திக்குப் பிளஸ் ஒன்னில் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டுதான் ரேஷன் கடைக்குப் போகிறார். போகும்போதெல்லாம் சீட்டை இறக்கிவிட்டுப் போகிறார், திருப்பி ஏற்றுவதில்லை. முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது, அப்பத்தாவுக்கு நீங்களாவது சொல்லுங்க டீச்சர் என்று அந்தப் பெண் என்னிடம் வந்து நிற்கிறது. ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.