அப்பா சொன்ன அடையாளம்

உடன்குடி என்றால் கருப்பட்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கொஞ்சம் கிழக்கே போனால் கடல், குலசேகரன்பட்டினம், மணப்பாடு. இந்தக் கடலுக்கடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி விளைந்தது பாரில்தான். நல்ல மீன் அடைவதும் பாரில்தான்.

மேலே எங்கு பார்த்தாலும் ஒரே தண்ணீர். பாரை எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப சிம்பிள். கரையைப் பார்! மணப்பாட்டுக் குன்றின் மேல் 1581-ல் எழும்பிய திருச்சிலுவைக் கோயில், திருச்செந்தூர் கோபுரம், உயரமான பனைக்கூட்டம்... இவற்றில் இரண்டு ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு சேரவேண்டும். கோடுகள் வெட்டும் இடம்தான் பார். அப்பா மகனுக்குச் சொல்லிக் கொடுக்கும் சொத்து இது. பத்திரம் கிடையாது!

இதை அசைத்துப் பார்த்தது ஜி.பி.எஸ். 1983-ல் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்த, 269 பேர் பலி. அதன் பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜி.பி.எஸ்.ஸை எல்லோரும் பயன்படுத்தலாம் என்றார் ரீகன். ஆனாலும் பொதுஜனத்துக்கு மட்டும் சுமார் 100 மீட்டர் பிசகும்படி வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தார்கள். சின்னப் பாரைத் தேடுகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவுமா? 2000 மே மாதம் கிளின்டன் அந்தக் குழப்பத்தை நீக்கினார்.

வாங்கப் போகிறவர்கள் கலர் ஸ்கிரீனைப் பார்த்து மயங்காதீர்கள். ஈரக் கையால் பட்டனை அமுக்க முடிகிறதா? பெட்டிக்கடை பென்டார்ச் செல்லில் ஓடுமா? 'ஐ.பி.எக்ஸ். 7' என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். மிதக்கும் என்று அர்த்தமில்லை. மிதக்காத மெஷின் கைதவறினால், குறித்து வைத்த அத்தனை பாரும் அதோடு போச்சு. ஆகவே ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். இரவல் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். கொடுப்பது மெஷினை மட்டுமல்ல!

இன்னொரு விஷயம். ஜி.பி.எஸ். கருவி சாட்டிலைட் சொல்வதைக் கேட்கும், கரையோடு பேசாது. 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு மொபைல் சிக்னல் எட்டவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், புயல் வருவது தெரியாது. அதற்காகவே 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. கடல் எச்சரிக்கையை சாட்டிலைட்டில் வாங்கி, புளூடூத் வழியாக போனுக்குத் தரும். அதுவும் கேட்கும் ரகம்தான். ஆபத்தென்று கரைக்குக் குரல் கொடுக்க, இஸ்ரோவின் டி.ஏ.டி. கருவி தனியாக வேண்டும்.